வில்லங்கச் சான்று

சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
மூன்றாவது மேசை என்னுடையது.
இருபத்திரண்டு வருடமாய் எழுதுகிறேன்:
வடக்கே இன்னார் மனை, தெற்கே பொதுப்பாதை,
கிழமேல் அடி நாற்பது, தென்வடல் அறுபது.
எழுந்து போய் ஒரு மனையையும் மிதித்ததில்லை.

வலது கை மட்டும் வேலைக்குப் போகும்.
மீதி உடம்பை
பிளாஸ்டிக் நாற்காலிக்குக்
காலவரையற்ற குத்தகைக்கு விட்டிருந்தேன்.
புதுப்பாளையத்து வீட்டுக்கும் மஞ்சக்குப்பத்து மேசைக்கும்
ஒரு வெற்றிலை மெல்லும் தூரம்.
அதற்கும் ஸ்கூட்டி.

கிரயம் முடிந்தால் பார்ட்டி இனிப்போடு வரும்.
விற்றவர் கண்ணைத் துடைத்தபடி ஒரு ஜாங்கிரி,
வாங்கியவர் சிரித்தபடி ஒரு ஜாங்கிரி.
பாகப்பிரிவினை என்றால்
அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் தனித்தனிப் பெட்டி.
வேண்டாம் என்றால் அபசகுனமாம்.
இந்த வட்டத்தில் கைமாறிய மனைகளில் கால்வாசி
என் வயிற்றிலும் பதிவாகியிருக்கிறது.

போன ஆவணியில் வலது பெருவிரல் மரத்தது.
செருப்பு எங்கே கழன்றதென்றே தெரியாமல்
டீக்கடை வரை போய்விட்டேன்.
ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்
கையில் பிடித்தபடி ஓடிவந்தான்.

லேப் பெஞ்சில், வெறும் வயிற்றோடு,
பக்கத்தில் காலிக்கூடையும் அஞ்சலாட்சியும்.
தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு
சங்கராவும் கானாங்கெளுத்தியும் கொண்டுவருபவள்.
தினம் பத்து மைல் தலைச்சுமை.
ஒட்டிய வயிறு, இரும்பாய்க் கெண்டைக்கால்.
உனக்குமா, என்றேன்.
"நடக்குறது காலுதானே சார்.
ரெண்டு மணிக்கு ஏலத்துக்கு எழுந்தா
தூக்கத்த யாரு நடந்து குடுப்பா?"
கன்னத்தில் புகையிலை ஒதுங்கியிருந்தது.
கண்ணாடி கொண்டுவரவில்லை என்று
போன மாத ரிப்போர்ட்டை நீட்டினாள்.
பின்பக்கத்து அச்சை வாசித்தேன்:
தினமும் நாற்பது நிமிடம் நடக்கவும்.
அவள் சிரித்த சிரிப்பில்
ஊசியோடு நின்ற பெண்ணும் சிரித்துவிட்டாள்.

முப்பது வருடத்து வில்லங்கம் போட்டுத் தருபவன் நான்.
இவர்கள் மூன்று மாதத்துக்குத்தான் போட்டார்கள்:
ஒன்பது புள்ளி நான்கு.
அப்பாவுக்கு இருந்ததா, என்றார் டாக்டர் மெஹருன்னிசா.
இருந்தது.
இடது காலில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டு போனது.

புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
ஆயிரம் பத்திரத்தில் எழுதிய வரி,
அன்றுதான் படித்தேன்.
"அது தானா வந்தது. இந்தத் தொப்பை நீங்களா சேர்த்தது."
எங்கள் பாஷையில் சுயார்ஜிதம்.

மைதானத்தில் முதல் நாள்
ஒரு சுற்றுக்குள் மூன்று இடத்தில் நின்றேன்.
மூச்சைவிட வெட்கம்தான் அதிகம் இரைத்தது.
நான் எழுதிக் கொடுத்தவர்கள் பாதிப்பேர் அங்கேதான் நடக்கிறார்கள்.
"என்ன சார், இடத்தை அளக்கறீங்களா?"
ஆமாம்.
வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம்,
கிழக்கே கடற்காற்று,
மேற்கே நெல்லிக்குப்பம் ரோட்டுக் கரும்பு லாரி.
இதற்குள்பட்ட எண்பத்தேழு கிலோ.
சுவாதீனம்?
அதைத்தான் காலால் தேடிக்கொண்டிருந்தேன்.

தை பிறந்து மறுபடி போட்டதில் ஏழு புள்ளி ஆறு.
பெருவிரல் சில நாள் சரளையை உணர்கிறது,
சில நாள் இல்லை.
ஜாங்கிரியில் பாதி அடுத்த மேசை ராஜமாணிக்கத்துக்கு.
அவனுக்கும் ஒருநாள் வரும், தெரியும்,
இருந்தும் கொடுக்கிறேன்.
அசல் அப்படியே இருக்கிறது.
வட்டி மட்டும் கட்டி வருகிறேன்,
தினம் ஆறு சுற்று.

ஸ்கூட்டி இப்போது மகள் வசம்.
நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்கு நடந்து போகையில்
பஸ் நிறுத்தத்து நிழலில் அஞ்சலாட்சி
தூணில் சாய்ந்து, வாய் திறந்து, நல்ல தூக்கம்.
பையோடு வந்த பெண்மணி எழுப்பக் குனிந்தார்.
பத்து நிமிஷம் போகட்டுமே, என்றேன்.
"மீன் கெட்டுப்போயிடாதா?"
கூடை மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
அதை நிழலுக்கு இழுத்து வைத்து,
ஈரச் சாக்கைச் சரியாய் மூடி,
நடந்தேன்.